குடை விற்காத ஊர்

எங்கள் ஊரில் குடை விற்கும் கடை ஒன்றுகூடக் கிடையாது. போன மாதம்வரை நான் அதைக் கவனித்ததே இல்லை. இந்த த்ருஹீயோவில் பாரீஸ் தொப்பி விற்கிறார்கள், பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார், குதிரைக்கு வெள்ளிக் கடிவாளம் செய்யத் தனித் தெருவே இருக்கிறது. குடைக்குத்தான் யாருக்கும் தேவை வந்ததில்லை. என் அப்பா தன் ஆயுளில் பார்த்த மழையெல்லாம் சேர்ந்து ஒரு கைக்குட்டையை நனைத்திருக்காது.

நீதிபதி ஐயா, உங்கள் மேசைக்கு மேலேயும் ஒழுகுகிறது. குமாஸ்தா அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிவைத்தால் காகிதம் நனையாது. எனக்கு அவசரமில்லை. ஜன்னலை மட்டும் சாத்தச் சொல்லுங்கள். அந்த மழைச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது. அப்புறம் கையெழுத்து கோணலாக விழும்.

அப்பாவின் வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே என்று காலையில் சொன்னீர்கள். என் அக்கா அம்பாரோவின் கல்யாணத்தில் அம்மாவோடு கைக்குட்டை வீசி மரினேரா ஆடியவர் நீங்கள். அந்தப் பிரியத்தில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வக்கீல் லீமாவிலிருந்து வரவேண்டும். பாலங்கள் போய்விட்டன, தண்டவாளமும் போய்விட்டது. அதுவரை ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் பேசிவிடுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டு நூலக அறையில், உலக உருண்டைக்கும் அலமாரிக்கும் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, நினைவிருக்கிறதா? முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்து. தாத்தா கரும்புக்காக நிலத்தைத் திருத்தியபோது கிடைத்தவன். இந்த மணலில் புதைத்தால் எதுவும் அழுகாது. நகம் இருக்கும், கண்ணிமை மயிர்கூட இருக்கும். விருந்தாளிகள் வேடிக்கைக்கு அவனிடம் சுருட்டு நீட்டுவார்கள். நீங்களும் ஒருமுறை நீட்டினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிரவு அம்மா அறைக் கதவுக்கு வெளியே தரையில் படுத்துத் தூங்கினேன், விடியுமுன் எழுந்து போய்விட்டேன்.

எங்களைப் போன்ற வீட்டில் ஆண்பிள்ளை எதை வேண்டுமானாலும் செய்யலாம். சீட்டாடிக் குதிரையைத் தோற்கலாம், வேலைக்காரியை அழவிடலாம். பயப்படக் கூடாது. எங்கள் இத்துர்மெந்தி குடும்பத்துப் பையன் பயந்தான் என்று ஒரு சொல் வெளியே போனால் அப்பா கனவான்கள் சங்கத்துக்குள் தலைகாட்ட மாட்டார்.

பல்தசாரை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பக்கத்துக் கரும்பாலையின் வாரிசு, என் சின்ன வயதுக் கூட்டாளி. பிரான்சுக்குப் படிக்கப் போய், படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்தவன். அவனுக்குப் பழைய மேடுகளைத் தோண்டுவதில் பைத்தியம். மோச்சே ஊருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் கழுகு மேட்டை நாங்கள் மூன்று வருடமாகக் கிளறிக்கொண்டிருந்தோம். சுடாத செங்கலால் யாரோ எந்தக் காலத்திலோ கட்டியது, உள்ளே முழுக்க மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருக்கும் பிணங்கள். எங்களுக்கு வேண்டியது அவர்கள் மடியில் இருக்கும் பானைகள். எடுத்த பானைகளைப் படம் வரைந்துவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டான். அப்படி வந்தவன் லியோன்சியோ அஸ்மாத்.

மோச்சே ஊர்க்காரன். எங்கள் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் துணி தைக்கிற தோன்யா தொமிதிலாவின் ஒரே மகன். பல்தசார் அவனை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவான். லியோன்சியோ குழிக்குள் இறங்குவதற்கு முன் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து மண்ணில் நட்டுவைப்பான், கொஞ்சம் சாராயமும் ஊற்றுவான். பல்தசாருக்குக் கேலி செய்ய அது போதும்.

“என்ன வாத்தியாரே, உங்க தாத்தா வீட்டுக் கதவத் தட்டிட்டுத்தான் உள்ள போகணுமோ?”

“தட்டுனா தொறப்பாங்க. இடிச்சா கோவிச்சுக்குவாங்க,” என்பான் அவன். “மெதுவாத் தூக்குங்க சின்னய்யா. எங்க சொந்தக்காரங்க. பேரு கேட்டா அஸ்மாத்துன்னுதான் சொல்லுவாங்க.”

ஒருநாள் பல்தசார் கொஞ்சம் தள்ளிக் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். நான் குழிக்குள் இருந்தேன். பக்கச் சுவர் சரிந்து இடுப்புவரை மூடிவிட்டது. மேலேயிருந்து ஒரு காய்ந்த கை இறங்கி என் கழுத்தைச் சுற்றி விழுந்தது. விழுந்தது அவ்வளவுதான், பிடிக்கவில்லை. அது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது “அம்மா” என்று அலறினேன். கால்சட்டையிலேயே மூத்திரமும் போய்விட்டேன். லியோன்சியோ குதித்து மண்ணைத் தள்ளி என்னை வெளியே இழுத்தான். தன் போஞ்சோவைக் கழற்றி என் இடுப்பில் சுற்றினான். பல்தசார் ஓடி வந்தபோது, “ஒண்ணுமில்லைங்க, சீச்சாக் கள்ளு ஜாடி இவர் மேல கவுந்துருச்சு, என் தப்புதான்,” என்று சொல்லி வசவையும் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. ஒரு பார்வை, ஒரு புன்னகை, எதுவுமில்லை. மிரட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். எதையாவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவன் என்னிடம் முன்னைவிட மரியாதையாக நடந்துகொண்டான், நான் குழிக்குள் இறங்கும்போதெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லி எனக்கு முன்னால் இறங்கினான். ஒரு தையல்காரி மகன் என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டு ஊரில் நடமாடுகிறான் என்ற நினைப்பிலேயே நான் தினமும் கண்விழித்தேன். ஐயா, உங்களுக்கு அப்படி ஒன்று நேர்ந்திருந்தால் புரியும்.

யோசனை பல்தசாருடையது. அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. ஒருநாள் மேட்டின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“இதுக்குள்ள எத்தன பேருடா உக்காந்திருப்பானுங்க?”

“ஆயிரம், ரெண்டாயிரம்.”

“ஒருத்தன் கூடுதலா உக்காந்தா எவன்டா எண்ணிப் பாக்கப்போறான்?”

சிரித்தோம். அடுத்த வாரமும் அதே பேச்சு வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் விவரமாக. பழந்துணி எங்கள் கிடங்கில் இருந்தது, கயிறு இருந்தது. எப்படி உட்காரவைப்பது, எந்த முடிச்சுப் போடுவது என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தக் கடற்கரையில் இல்லை. எவ்வளவு கச்சிதமான வேலை என்று பல்தசார் மெச்சிக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் பந்தயக் குதிரையைப் பற்றிப் பேசுவதுபோல நாங்கள் இதைப் பேசினோம். யாரையாவது நிஜமாகவே அப்படிச் செய்யவேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கவில்லை. பிறகு ஒருநாள் அவன், “சரி, யார—” என்று ஆரம்பித்தான். அவன் முடிக்கும் முன்பே நான் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அதற்குத் தக்க காரணம் இருந்தது. படம் வரையக் கற்றுக்கொள்ள லீமாவுக்குப் போகப்போகிறேன் என்று லியோன்சியோ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் அவனைக் காணவில்லையென்றால் போய்விட்டான் என்றுதான் நினைப்பார்கள். அதோடு அவன் அந்த மேட்டுக்காரன். எங்கள் நூலகத்தில் இருப்பவனை நாங்கள் சொந்தங்களிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்தோம். இவனைச் சொந்தங்களோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இதைச் சொன்னபோது பல்தசார் என் முதுகில் தட்டினான்.

போன வருடத்துப் பெரிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அன்றைக்கு மண்வெட்டியோடு மேட்டுக்குப் போகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டவர் இறந்துகிடக்கும் நாளில் உள்ளே இருப்பவர்களுக்கு யாரையும் தொட அதிகாரமில்லை, பொன்னும் மேலே எழும்பிவரும் என்று பாதி ஊர் பிள்ளைகுட்டியோடு தோண்டக் கிளம்பிவிடும். லியோன்சியோவுக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் லீமாவுக்குப் போகுமுன் கடைசியாக ஒருதடவை வா என்று நான் கேட்டேன், வந்தான். உச்சிப்பொழுதுக்குக் கோயிலில் மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டினார்கள். மூன்றுமணிநேரப் பிரசங்கம் கேட்க எல்லோரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். மேட்டில் நாங்கள் மூவர்தான்.

வழக்கம்போல எனக்கு முன்னால் அவன்தான் குழிக்குள் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் ஒரு பானையை இரண்டு கையாலும் ஏந்தி மேலே நீட்டினான். ஆந்தை முகம், கீறல்கூட இல்லை.

“உடையாம இருக்கு பாருங்க, சின்னய்யா. உங்க அப்பாருக்குப் புடிக்கும்.”

பல்தசார் அடித்தான் என்று நேற்று சார்ஜெண்டிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பல்தசார் பானையை வாங்கினான். கல் என் கையில் இருந்தது. ஒரே அடிதான்.

உட்காரவைத்தது, கால்களை மடக்கிக் கட்டியது, துணி சுற்றியது எல்லாம் நான். பல்தசாருக்கு முடிச்சு சரியாக வராது. லியோன்சியோவின் உடைகளைக் களைய எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஐயா, அடுத்தவன் சட்டையைக் கழற்றிப் பழக்கமில்லை. அப்படியே மேலேயே சுற்றினோம். “வாத்தியாருக்குச் சம்பளம்,” என்று பல்தசார் ஆந்தைப் பானையை மடியில் வைத்தான். பிறகு மணலைத் தள்ளினோம். அடங்கச் சற்று நேரம் பிடித்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து மீன் சாப்பிட்டேன். அன்றைக்கு யாரும் சத்தமாகப் பேசக்கூடாது என்பது வசதியாக இருந்தது.

எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. லீமாவுக்குப் போய்விட்டான், பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று ஊர் பேசியது. தோன்யா தொமிதிலா மட்டும் அம்பாரோவுக்கு அளவெடுக்க வரும்போதெல்லாம் கூடத்தில் என்னை நிறுத்திவைத்துக் கேட்பாள்.

“லீமாவுல இருந்து வர்றவங்க யாராச்சும் பாத்தாங்களா சின்னய்யா? அங்க எப்பவும் தூறிக்கிட்டே இருக்குமாமே. அவனுக்குச் சின்னதுல இருந்தே ஈரம் ஆகாது, நெஞ்சு கட்டிக்கும்.”

“நல்லாத்தான் இருப்பான். இந்தப் பக்கத்துல ஈரமே இல்லயே,” என்று ஒருதடவை சொல்லிவிட்டேன். அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். லீமாவைச் சொன்னேன் என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு அவள் வரும் நாட்களில் தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

அப்புறம் இந்த மார்ச். கடல் ஏன் சூடானது, வானம் ஏன் கறுத்தது என்றெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஒரு சாயங்காலம் நாங்கள் சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தோம். மேலே தட்தட்டென்று கேட்டது. “எலி,” என்றாள் அம்மா. அப்பா அண்ணாந்து பார்த்தார். அவர் நெற்றியில் ஒரு சேற்றுத்துளி விழுந்தது. எங்கள் கூரைகள் மூங்கிலும் மண்ணும், உங்களுக்குத் தெரியாததா. கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கச் சேறு ஒழுகியது. பியானோவை நகர்த்து, கம்பளத்தைச் சுருட்டு என்று எல்லோரும் ஓடினார்கள். நான் நாற்காலியைவிட்டு எழவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் ஊரே நடுங்கியது. சுவர்கள் கரைந்து தெருவில் விழுந்தன, மாதாவைத் தூக்கிக்கொண்டு முழங்காலில் நடந்தார்கள், ஆண்கள் வாய்விட்டு அழுதார்கள். என் வாழ்நாளில் முதல்தடவையாக நான் எல்லோர் முன்னாலும் பயப்பட முடிந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்காகப் பயந்தார்கள். நான் சுடாத செங்கலால் கட்டிய அந்த மேட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல்தசாரிடம் ஓடினேன். அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

“தண்ணிடா அது. தண்ணிக்குப் பேசத் தெரியாது. பேசாம இரு.”

அன்றே கப்பல் ஏறிவிட்டான். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிட்டது, ஐயா. உள்ளே இருந்தவன் நனைந்து, தளர்ந்து, என் பக்கம் சாய்ந்திருந்தான். அப்பா கூப்பிடக் கூப்பிட நான் குதிரையை எடுத்துக்கொண்டு மோச்சேக்குப் போனேன்.

மழை விட்டிருந்தது. கழுகு மேடு பாதிக்குமேல் கரைந்து பாதையில் கிடந்தது, அதோடு அதிலிருந்தவர்களும். மோச்சேக்காரர்கள் அவர்களைச் சேற்றிலிருந்து பொறுக்கி, கோயில் முற்றத்தில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். புது மண்ணில் அடக்கம் செய்யவேண்டும், பைகள் வேண்டுமென்று பாதிரியார் தையல் தெரிந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். நைந்த துணியைப் பிரித்து, உள்ளே இருப்பவரைப் புதுப் பையில் போட்டுத் தைக்கவேண்டும். நான் வரிசையோடு ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்துக்கொண்டே போனேன், என் முடிச்சைத் தேடினேன். அதைக் கண்டபோது தோன்யா தொமிதிலா ஏற்கெனவே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். துணியை விலக்கிவிட்டிருந்தாள்.

உள்ளே அவள் தைத்த சட்டை. மடியில் ஆந்தை. முகம் அப்படியே இருந்தது; இந்த மண் அப்படிப்பட்ட மண். அவள் கத்தவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் பூட்ஸிலிருந்த சேற்றைப் பார்த்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களாச்சும் தேடி வந்தீங்களே சின்னய்யா. உங்க வீடே இடியுதுன்னாங்க. அத விட்டுட்டு வந்தீங்களே.”

அவள் இன்னொரு கையால் துணியை முழுக்க விலக்கினாள். நான் கட்டும்போது இரண்டு கைகளும் முழங்காலுக்குக் கீழே கோத்திருந்தன. இப்போது வலது கை மேலே, வாய்ப்பக்கம் இருந்தது. துணி அந்த இடத்தில் உள்ளிருந்து பிய்ந்திருந்தது. நகத்துக்குள் பஞ்சு. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“எவ்வளவு நேரம் முழிச்சிருந்திருப்பான் எம்புள்ள?”

ஐயா, துக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். அம்மா எந்தச் சாவு வீட்டிலும் அதைத்தான் செய்வாள், குனிந்து, மெல்லிய குரலில். நானும் குனிந்தேன்.

“ரொம்ப நேரம் இல்லம்மா,” என்றேன். “கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு.”

அவள் என் கையை விடவில்லை. இழுத்துப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன். பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சார்ஜெண்ட் வந்து அவள் விரல்களைப் பிரித்தெடுக்கும்வரை அந்தப் பிடி தளரவில்லை. இதோ, மணிக்கட்டில் தடம் இன்னும் இருக்கிறது. இரவில் அந்த இடத்தில் யாரோ பிடித்திருப்பதுபோல இருக்கிறது, நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இனி ஒன்றுதான் மிச்சம். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பாதி மணல் தள்ளியபோது பல்தசார் மண்வெட்டியை நிறுத்தினான். “டேய், ஏதோ சத்தம் கேக்குதுடா,” என்றான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவன் பயந்து அன்றுதான் பார்த்தேன். நான் குனிந்து காதுகொடுத்தேன். நன்றாகவே கேட்டது. லியோன்சியோ யாரைக் கூப்பிடுகிறான் என்பதுகூடத் தெரிந்தது. அன்று குழிக்குள் நான் கூப்பிட்டவளைத்தான் அவனும் கூப்பிட்டான். நிமிர்ந்து, “மணல் இறங்குதுடா, வேற ஒண்ணுமில்ல, தள்ளு,” என்றேன்.

நான் பொய் சொல்கிறவன் அல்ல, ஐயா. மணலும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.